இரண்டு இரவுக்கு மேல் தங்காதவன்

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில், எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள். இருவருக்கும் கணினி வேலை. போன கோடையில் ஒருநாள், லிஃப்டுக்குள் வைத்து அந்தப் பெண் கவிதா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், நீங்க ஃபாரஸ்ட்லதானே வேலை பாத்தீங்க? ப்ளூபெர்ரி பறிக்கப் போகணும். யார்கிட்ட பர்மிஷன் வாங்கணும்?"

"ஒருத்தரிட்டையும் வேண்டாம்."

"ஓ, கவர்மென்ட் காடா?"

"இல்லைப் பிள்ளை. ஒரு குடும்பத்தின்ரை சொந்தக் காடு."

"அப்போ அவங்க திட்ட மாட்டாங்களா?"

"திட்ட ஏலாது."

அவள் கணவனைப் பார்த்தாள். பெரியவர் நம்மை ஏதோ வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறார் என்பதுதான் அந்தப் பார்வை. சரி, நானே கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதால் நடந்ததைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது விளங்காது.

கவிதாவை நான் குறை சொல்ல மாட்டேன். நான் வந்த இடத்தில் வேலிக் கதியால் தடியை ஒரு சாண் தள்ளி நட்டாலே இரண்டு குடும்பமும் கோர்ட்டுக்குப் போய்விடும். அந்தப் புத்தியோடுதான் நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். வடக்கே போய் மீன் வெட்டினேன், ஒஸ்லோவில் பள்ளிக்கூடம் கூட்டினேன், பிறகு காட்டுத்தொழில் வகுப்பு ஒன்றில் இடம் கிடைத்தது. பயிற்சியைப் பற்றி எழுத அதிகமில்லை. மரம் அரியும் வாள் பிடிக்கவும் கன்று நடவும் மழையில் நனையவும் பழகினோம். முடிந்ததும், மெட்ரோவின் கடைசி நிறுத்தமான வெஸ்ட்லிக்குப் பின்னால் தொடங்கும் மலைக்காட்டில் பெரிய பங்கை வைத்திருந்த ஒரு குடும்பத்திடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே காட்டை நிர்வகித்தவர் ஆஸ்முண்ட். நெடிய, மெலிந்த மனிதர். ஒரு நாளைக்கு அவர் பேசுவதை எங்கள் ஆட்கள் தேநீர்க்கடையில் ஒரு மூச்சில் பேசி முடித்துவிடுவார்கள்.

முதல் வாரத்திலேயே என் வீரத்தைக் காட்டினேன். ஒரு பெண் நாயோடு மரங்களுக்கு நடுவே பாதையை விட்டு இறங்கி நடந்து வந்தாள். முதலாளியின் காட்டுக்குள் இப்படி வருகிறாளே என்று, கைகளை விரித்துக்கொண்டு ஓடிப்போய், திரும்பிப் போ என்று கத்தினேன். எங்கிருந்தோ ஆஸ்முண்ட் வந்தார். தொப்பியைக் கழற்றினார். "ஹெய்" என்றார். நாயின் பெயரைக் கேட்டார். காளான் கிடைத்ததா என்று விசாரித்தார். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, போக நினைத்த திசையிலேயே நடந்து போனாள்.

அவள் மறைந்த பிறகு ஆஸ்முண்ட் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்தார். பாதியை என்னிடம் தந்தார்.

"மரம் முதலாளியின் குடும்பத்துக்குச் சொந்தம். நடப்பது அவளுக்குச் சொந்தம்," என்றார். "நீ மரத்தைப் பார்த்துக்கொள்."

அவ்வளவுதான் பாடம். மீதியை அவருடன் நடந்து நடந்து பிடித்துக்கொண்டேன். விளைநிலத்திலும் வீட்டு வளவிலும் மற்றவர்கள் காலடி வைக்கக் கூடாது. ஆனால் காட்டில் நடக்கலாம், பனியில் சறுக்கலாம், பழம் பறிக்கலாம், படுத்துக் கிடக்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. மரம் வெட்டக் கூடாது, மோட்டார் வண்டி கொண்டுவரக் கூடாது, வேனிற்காலத்தில் நெருப்பு மூட்டக் கூடாது. கூடாரம் அடிக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் இரண்டு இரவு மட்டுமே. அதற்கு மேல் தங்க வேண்டுமானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

அந்த இரண்டு இரவைக் கவனிப்பதும் என் வேலைகளில் ஒன்றானது. அதற்கு ஆஸ்முண்ட் ஒரு முறை வைத்திருந்தார். கூடாரத்தைக் கண்டால் கிட்டப் போகக் கூடாது. தூரத்து மரமொன்றில், கூடாரத்திலிருந்து பார்த்தால் தெரியாத பக்கமாக, நாளைக் குறிக்க ஒரு நீல நாடாவைக் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். மூன்றாம் நாள் போய், கூடாரம் அங்கேயே இருந்தால்தான் பேச்சு. பேசுவதற்கும் ஒழுங்கு உண்டு. வரும்போதே சத்தம் கேட்க வர வேண்டும். தொப்பியைக் கழற்றி "ஹெய்" சொல்ல வேண்டும். படுத்திருப்பவனுக்கு மேலே நின்று பேசக் கூடாது. உட்கார வேண்டும். முதலில் வானிலை, பிறகு ஏதாவது வேண்டுமா என்ற கேள்வி, கடைசியில்தான் இடம் மாறுவதைப் பற்றி. இந்த ஒழுங்கில் சொன்னால் பெரும்பாலானவர்கள் தாங்களாகவே கூடாரத்தைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த "ஹெய்" பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காட்டில் எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் அதைச் சொல்லுவார்கள். சிரிப்பார்கள். பாதை வழுக்குகிறது, கவனம் என்பார்கள். அதே ஆள் மாலையில் மெட்ரோவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தால், என் தலைக்கு மேலே இருக்கிற விளம்பரத்தை இறங்கும் வரை வாசிப்பார். தொடக்கத்தில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. மனைவி இறந்த பிறகு வேடிக்கையாக இல்லை. மகன் பேர்கனில் குடும்பமாகிவிட்டான். சில நாட்களில், காட்டில் யாரோ போகிற போக்கில் சொன்ன "ஹெய்" ஒன்றுதான் அன்றைக்கு இன்னொரு மனிதர் என்னிடம் பேசிய பேச்சாக இருக்கும். தமிழ் மண்டபங்களுக்குப் போவதையும் விட்டுவிட்டேன். போனால் எல்லோரும் பாவம் பார்த்தார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்படியான ஓர் இலையுதிர்காலத்தில்தான் அந்தப் பச்சைக் கூடாரத்தைக் கண்டேன். வெஸ்ட்லியின் கடைசி மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஏறுகிற பாதையில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. அதன் கரையில் நின்றது. முறைப்படி நாடா கட்டினேன். மூன்றாம் நாள் போனபோது கூடாரம் இல்லை, புல் மட்டும் படிந்து கிடந்தது. சந்தோஷமாகத் திரும்பினால், மேட்டுக்கு அந்தப் பக்கம் அதே கூடாரம் நின்றது. அங்கேயும் நாடா கட்டினேன். மூன்றாம் நாள் அது பாறைக்குப் பின்னால் போயிருந்தது. இப்படியே குளத்தைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருந்தது. ஆள் சட்டம் தெரிந்தவன், சட்டத்தைத் தாண்டாதவன். பேசுவதற்கு எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் அந்தப் பக்கமாக வந்தபோது மணம் வந்தது. ஊசியிலை மரங்களுக்கு நடுவில், வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் எண்ணெயில் வதங்குகிற மணம். நின்று இன்னொரு தரம் மோந்து பார்த்தேன். பிறகு முறைப்படி சருகு மிதித்துச் சத்தம் போட்டுக்கொண்டு போய், தொப்பியைக் கழற்றி, "ஹெய்" என்றேன்.

உள்ளேயிருந்து சுத்தமான நொர்வேஜிய மொழியில் பதில் வந்தது. "இன்றைக்கு இரண்டாவது இரவுதான். நாளைக்கு மாறிவிடுவேன்."

வெளியே சின்னக் கேஸ் அடுப்பில் சட்டி புகைந்துகொண்டிருந்தது.

"தம்பி, வெங்காயம் கருகுது," என்றேன்.

கூடாரத்தின் ஜிப் பாதி திறந்தது, நின்றது, பிறகு முழுக்கத் திறந்தது. ஒருவன் வெளியே வந்தான். நாற்பதைத் தாண்டிய வயது, ஒழுங்காக மழித்த முகம், இஸ்திரி போட்ட வேலைச்சட்டை. அந்த முகம் வெளுத்துப்போனதை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு நொர்வேஜியன் வந்திருந்தால் அவனுக்கு ஒன்றுமில்லை. வந்தது நான் என்பதுதான் பிரச்சினை.

"அண்ணை, தமிழோ?"

"ஓம்."

"ஹவுகெட்டோவில ஆரையும் தெரியுமோ?"

"தெரியாது. எனக்கு இப்ப ஒரு இடத்திலையும் ஆரையும் பெரிசாத் தெரியாது."

அதைக் கேட்ட பிறகுதான் சட்டியைக் கிளறினான். பிறகு இன்னொரு கோப்பையைத் துடைத்து எனக்கும் சோறு போட்டான்.

அவன் பெயர் ஜூட். மன்னார்ப் பக்கம். கடைச் சாமான் அனுப்பும் ஒரு களஞ்சியத்தில் வேலை. குளிப்பது, உடுப்புத் துவைப்பது எல்லாம் அங்கேதான். மனைவியோடு ஒத்துவரவில்லை, இருவரும் பேசித்தான் பிரிந்தார்கள். ஹவுகெட்டோவில் இருந்த வீடு மனைவிக்கும் மகளுக்கும் என்று விட்டுவிட்டு வந்துவிட்டான். மகளிடம், வேலைக்குக் கிட்ட ஒரு அறை எடுத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தான். சனிக்கிழமைகளில் அவளைக் கடைத்தெருவில் சந்திப்பான்.

"உண்மையிலேயே ஒரு அறை எடுக்கலாம்தானே?" என்று கேட்டேன்.

"ஆரிட்டை எடுக்கிறது, அண்ணை? கேட்டால் எங்கட ஆக்களிட்டைத்தான் கேக்கவேணும். கேட்ட அண்டைக்கே கோயிலுக்குத் தெரியும். கோயிலுக்குத் தெரிஞ்சால் அவளின்ரை பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். தகப்பனைத் துரத்திப்போட்டினம் எண்டு கதைப்பினம். என்ரை பிள்ளைக்கு அது வேண்டாம். வெள்ளையளிட்டையும் தேடிக்கொண்டுதான் இருக்கிறன், ஒண்டும் சரிவரேல்லை."

நான் எழும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வெளியில எங்கை கண்டாலும் என்னைத் தெரியாத மாதிரிப் போகவேணும். ஆர் கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லவேணும். சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன்.

அதற்குப் பிறகு நான் மத்தியானச் சாப்பாட்டை இரண்டு பொதியாகக் கட்டத் தொடங்கினேன். அவனுக்கு மாலைவேலை என்றால் பகல் முழுக்கக் காட்டில் இருப்பான். குளத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம். அரசியல் கதைப்போம், மீன்குழம்புக்குப் பழப்புளியா கொறுக்காய்ப்புளியா என்று சண்டை பிடிப்போம். என் மனைவியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் பாவம் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தான். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: ஒரு மனிதன் வீடில்லாமல் கூடாரத்தில் கிடந்த அந்த மாதங்கள்தான், மனைவி போன பிறகு நான் சந்தோஷமாக இருந்த காலம்.

ஆனால் குளிர் வந்துகொண்டிருந்தது. இன்னொன்றும் வந்துகொண்டிருந்தது. நிலம் உறைந்து இறுகியதும் அந்தச் சரிவில் மரம் தறிக்கும் இயந்திரத்தை இறக்குவதாக ஆஸ்முண்ட் முடிவு செய்திருந்தார். தறிப்பு நடக்கும்போது மட்டும்தான் உரிமையாளர் மக்களை உள்ளே வரவேண்டாம் என்று சொல்லலாம். விழுகிற மரத்துக்கு ஆள் யார் என்று தெரியாது.

ஜூட்டை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். என் கட்டடத்தில் எத்தனை தமிழ்க் குடும்பம் என்று கேட்டான். பதில் சொன்னதும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான். கடைசியில், வேறு வழியில்லாமல், ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு ஆஸ்முண்டிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இரண்டு இரவை மீறியிருக்கிறானா?"

"ஒருநாளும் இல்லை."

"அப்படியானால் அவனிடம் சொல்ல நமக்கு ஒன்றுமில்லை," என்றார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கமிருக்கிற மரக்குடில் சும்மாதானே கிடக்கிறது, தங்க அனுமதி தரலாம் என்றார். பழைய காலத்தில் மரம் வெட்டுகிறவர்கள் குளிர்காலத்தில் தங்கிய குடில் அது. இரும்பு அடுப்பும் இரண்டு கட்டிலும் உண்டு.

நான் ஓட்டமும் நடையுமாகப் போய் ஜூட்டிடம் சொன்னேன். அவன் முகம் இறுகிவிட்டது.

"வேண்டாம், அண்ணை."

"விசரே உனக்கு? விறைச்சுச் சாகப் போறாய்."

"ஒருத்தர் தந்து இருந்தால், நான் அவர் தந்த இடத்தில இருக்கிறவன். இந்த ரெண்டு இரவை எனக்கு ஒருத்தரும் தரேல்லை. அது எனக்கு இருக்கிற ஒண்டு. இப்ப என்னட்டை அது மட்டும்தான் இருக்கு. அதையும் வாங்கிப்போடாதேங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது விளங்கியதால் இன்னும் கோபம் வந்தது. திரும்பி நடந்துவிட்டேன்.

ஜூட் சொன்னதை நான் போய்ச் சொன்னதும், அடுத்த நாள் காலை ஆஸ்முண்ட் என்னோடு வந்தார். கூடாரத்தின் மேல் வெண்பனி படிந்திருந்தது. அவர் சருகு மிதித்துச் சத்தம் போட்டார். தொப்பியைக் கழற்றினார். வழுக்கைத் தலையில் பனி விழ விழ, "ஹெய்" என்றார். ஜூட் வெளியே வந்ததும், நிற்காமல் ஒரு குற்றியைத் தேடி உட்கார்ந்தார். பையிலிருந்து தோடம்பழம் எடுத்து உரித்து மூன்றாகப் பிரித்தார். இந்த வருடம் குளிர் முந்திவிட்டது என்றார். ஜூட் ஓம் என்றான். மூவரும் பழத்தைத் தின்றோம். குளத்தின் ஓரம் கண்ணாடி போல உறையத் தொடங்கியிருந்தது.

"எனக்கு ஓர் உதவி வேண்டியிருக்கிறது," என்றார் ஆஸ்முண்ட், ஜூட்டைப் பார்க்காமல் தோலைச் சேர்த்துக்கொண்டே. "அந்தப் பக்கம் ஒரு குடில் இருக்கிறது. குளிர்காலத்தில் அடுப்பு எரியாவிட்டால் சுவர் ஈரம் பிடித்துவிடும். எலியும் உள்ளே வந்துவிடும். போன வருடமே கெட்டுப்போகத் தொடங்கிவிட்டது. எனக்கு ஆள் இல்லை. இவருக்கும் வயது போய்விட்டது." என்னைக் காட்டினார். "அடுப்பை எரிய வைத்திருக்க ஒருவர் கிடைத்தால் பெரிய காரியம். நீ காட்டைப் பழுதாக்காமல் இருப்பதைக் கவனித்தேன். அதனால் கேட்கிறேன்."

 அவர் செய்வது என்ன என்று ஜூட்டுக்குத் தெரியாமல் இல்லை. என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"விறகு இருக்கிறதா?" என்று கேட்டான்.

"பிளக்க வேண்டும்."

"பிளக்கிறேன்."

ஆஸ்முண்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். அவரிடம் நான் வேலை செய்த இத்தனை வருடங்களில், இந்த ஒரு காலைப்பொழுதைத்தான் மற்றவர்களுக்கு அதிகம் சொல்ல விரும்பினேன். சொல்லவில்லை, ஏனென்றால் சத்தியம் பண்ணியிருந்தேன்.

அந்தக் குளிர்காலம் குடிலில் அடுப்பு அணையவில்லை. நான் சறுக்குப் பலகையில் போய்ச் சேரும்போது புகைபோக்கியில் புகை தெரியும். உள்ளே பருப்பு வெந்துகொண்டிருக்கும். பனி உருகத் தொடங்கிய ஒரு நாள் புகை தெரியவில்லை. கதவைத் திறந்தேன். தரை கூட்டியிருந்தது, விறகு கூரை முட்ட அடுக்கியிருந்தது, பூட்டின் திறப்பு ஆணியில் தொங்கியது. வேலைசெய்யும் இடத்து நொர்வேஜியன் ஒருவன் வீடு பார்த்துக் கொடுத்ததாகப் பிறகு ஆஸ்முண்ட் சொன்னார். அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் கொண்டுபோன இரண்டு பொதியில் ஒன்றைச் சாப்பிட்டேன். மற்றதைத் திறக்கவில்லை.

எனக்கு நொந்தது, ஆனால் அவன் பக்கமும் விளங்கியது. என்னைக் கண்டால் அவனுக்குக் கூடாரம் ஞாபகம் வரும். நான் தமிழன் வேறு. எங்கேயாவது வாய் தவறினால் எல்லாம் போய்விடும். அவன் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது, எடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு தரம், தவிர்க்க முடியாத ஒரு கல்யாணத்தில், மண்டபத்தின் மறுகரையில் கோட்டும் டையுமாக அவனைக் கண்டேன். இருவர் கண்ணும் பட்டன. நான் வாழையிலையைப் பார்த்துக் குனிந்து பாயசத்தைக் குடித்து முடித்தேன். நிமிர்ந்தபோது அவன் அங்கே இல்லை.

ஆஸ்முண்ட் ஓய்வுபெற்றார். சில வருடங்களில் நானும் ஓய்வுபெற்றேன்.

இனி, போன கோடை. கவிதாவையும் அவள் கணவனையும் வெஸ்ட்லிக்கு மெட்ரோவில் கூட்டிப்போய், அந்தப் பாதையில் ஏறினேன். தறித்த சரிவில் இப்போது இளமரங்கள் நெஞ்சளவுக்கு வந்துவிட்டன. வெயில் விழுகிற இடமென்பதால் நீலப்பழம் கொட்டிக் கிடந்தது. கவிதா முதல் பழத்தைப் பறிக்கும்போதுகூட யாராவது கத்துவார்கள் என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு வாயெல்லாம் நீலமாகிவிட்டது. நான் குளக்கரையில் நின்றேன்.

பாதையில் பேச்சுக்குரல் கேட்டது. தமிழ். ஒரு ஆளும், வளர்ந்த ஒரு பெண்பிள்ளையும். ஆள் கையை நீட்டி நீட்டி எதையோ காட்டிக்கொண்டு வந்தார். மேட்டைக் காட்டினார், பாறையைக் காட்டினார். வளைவில் திரும்பியதும் என்னைக் கண்டு நின்றார்.

ஜூட். முடி நரைத்திருந்தது.

"அங்கிள்! தமிழ் பேசறாங்க!" கவிதா துள்ளிக்கொண்டு வந்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

என் வாய் என்னைக் கேட்கவில்லை. இத்தனை வருடம் அதற்காகவே காத்திருந்த மாதிரி, உடனே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டது.

"இல்லைப் பிள்ளை. தெரியாது."

சொன்ன பிறகுதான் கண்டேன். ஜூட் சிரித்தபடி வந்துகொண்டிருந்தான். அவன் கை எனக்காகப் பாதி நீண்டிருந்தது. "அண்..." என்று வாய் தொடங்கியிருந்தது. அந்தப் பிள்ளையும் சிரித்த முகத்தோடு, அப்பா, இவர்தானே நீங்கள் சொன்னவர் என்று கேட்கிற மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மேட்டையும் பாறையையும் காட்டியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கூடாரம் நின்ற இடங்களை மகளுக்குக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நான் இத்தனை காலம் பூட்டி வைத்திருந்ததை அவன் தானே திறந்துவிட்டிருக்கிறான்.

நீண்ட கை நின்றது. பிறகு அது பைப்பட்டியைச் சரிசெய்தது. நான் இன்னும் அவனுக்காகத்தான் மறைக்கிறேன் என்று நினைத்தானா, அல்லது அன்று சொல்லாமல் போனதற்கு இது என் பதில் என்று நினைத்தானா, எனக்குத் தெரியாது.

"ஹெய்," என்றான்.

நான் தொப்பியைக் கழற்றினேன். "ஹெய்," என்றேன்.

அவர்கள் போனார்கள். பிள்ளை மட்டும் வளைவுவரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கவிதா ஒரு கை நிறையப் பழத்தை என்னிடம் நீட்டி, "என்ன அங்கிள், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றாள். வெயில் என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குளத்துக்குப் போகிறேன். மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பேன். போகிறவர்கள் "ஹெய்" சொல்லுவார்கள், நானும் சொல்லுவேன். அந்தக் காட்டுக்கு யாரும் வரலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. சாப்பாட்டை இரண்டு பொதியாகத்தான் கட்டிக்கொண்டு போகிறேன்.